கரை பிடித்துப் பார்ப்பவள்

என் அத்தை யாரைச் சந்தித்தாலும் முதலில் அவர்கள் கட்டியிருக்கும் துணியைத்தான் பிடிப்பாள். பெண்களானால் முந்தானை ஓரம். ஆண்களானால் தோளில் கிடக்கும் துண்டின் நுனி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, பாகு பதம் பார்ப்பதுபோல ஒருமுறை உருட்டுவாள். அதன் பிறகுதான் "நல்லாருக்கீங்களா" வரும். வெளியூர்க்காரர்கள் அதை அன்பு என்று எடுத்துக்கொள்வார்கள். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் குடியிருந்தவர்களுக்கு அது விசாரணை என்று தெரியும்.

அவள் அப்பாவுக்கு அக்கா. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். மாமா தறி வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். நெய்வதற்கு முன்னால் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுப்பார்கள். கஞ்சியின் பதம் கூடினால் நூல் ஒடியும், குறைந்தால் பிசிறும். எங்கள் தெருவில் பதம் சொல்வது அத்தைதான். அந்த விரல்களை அவள் பாவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதுதான் அவளுடைய விசேஷம்.

ஒரு துணியில் நெய்தவன் கை மட்டும் இல்லை, துவைத்தவள் கையும் உலர்த்தி மடித்தவள் கையும் இருக்கிறது என்பது அவள் கட்சி. அவசரமாகப் பிழிந்த துணி, நிழலில் காய்ந்த துணி, மடிக்காமல் கொடியிலேயே கிடந்த துணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடுகை உண்டு என்பாள். அதிலிருந்து அந்த வீட்டில் மனிதர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது வரைக்கும் போய்விடுவாள். "கஞ்சி போடாத ஊட்ல மருமவளுக்கும் கஞ்சி கெடைக்காது" என்பது அவளுடைய தீர்ப்புகளில் பிரபலமானது.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் சோதித்துப் பார்க்கிற வயது. விடுதியிலிருந்து இரண்டு நண்பர்களின் துண்டுகளைக் கொண்டுவந்து, யாருடையவை என்று சொல்லாமல் அவள் கையில் கொடுத்தேன்.

முதல் துண்டை உருட்டினாள். "இந்தப் பையன் ஊட்ல பொம்பளைங்க அதிகம்" என்றாள். அவனுக்கு நான்கு அக்காமார்கள்.

இரண்டாவதைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். "பாவம். தாயில்லாத பையன்."

"இல்லை அத்தை. அவன் அம்மா நல்லா இருக்கறாங்க. போன வாரம்தான் பலகாரம் குடுத்து விட்டாங்க."

அத்தை துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இருக்கறாங்கன்னு நீ சொல்றே. இந்தத் துண்டுக்குத் தெரியல."

தவறை ஒப்புக்கொள்வதற்கு அவளிடம் இதைவிட அதிகமாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

இதெல்லாம் சிரிப்போடு போனவை. சிரிப்பில்லாததும் உண்டு. எங்கள் உறவில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் கடன்பட்டு எடுத்த கூறைப்புடவையை எல்லார் முன்னாலும் தட்டில் வைத்திருந்தார்கள். அத்தை அதன் ஓரத்தை உருட்டினாள். "இதுல ஜப்பான் நூலு கலந்திருக்குதே" என்று, காய் கொஞ்சம் முற்றல் என்று சொல்வதுபோலச் சொன்னாள். பட்டுபோல மினுங்கும் செயற்கை நூல் அப்போது புதிதாக வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறியது. கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தத் தகப்பனார் பந்தியில் யாருக்கும் தலை நிமிர்ந்து பரிமாறவில்லை. அத்தை அன்று சாப்பிடாமல் வந்துவிட்டாள். வழியில் அம்மாவிடம், "நான் நெனச்சுச் சொல்லலியே. வெரலு சொல்லிப்போடுது" என்றாள்.

பின்னால் யுத்த காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு வந்து, கிடைத்ததைத்தான் உடுத்த வேண்டும் என்றானபோது, அவள் கடையில் கையைத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டு துணியை வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் உண்டு. விரலை மூடிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

இந்த விரல்களுக்கு எங்கள் குடும்பத்தில் ஓர் அதிகாரமும் இருந்தது. அத்தைக்கு மகன் இருந்திருந்தால் என் அக்காவை அவனுக்குத்தான் கட்டியிருப்பார்கள். அது முறை. அவளுக்குப் பிள்ளையில்லை. ஆகவே அந்த உரிமை, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் உரிமையாக அவளிடமே தங்கிவிட்டது. அவள் சரி என்று சொல்லாமல் அப்பா எதையும் நிச்சயம் செய்யமாட்டார்.

அத்தை இரண்டு இடங்களைத் தட்டிவிட்டாள். ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாயார் சேலை நிழலில் காய்ந்தது. திருச்செங்கோட்டிலிருந்து வந்தவரின் தகப்பனார் துண்டு, கடைக் கஞ்சி போகாத புதுத் துண்டு. "நம்முளுக்குக் காட்டோணும்னே இன்னிக்கு வாங்கினது" என்று முடித்துவிட்டாள். தட்டியது அத்தை என்றாலும், தெருவில் பேச்சு வேறு மாதிரி போனது. ரெண்டு எடம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, பெண்ணிடம் ஏதோ குறை என்றார்கள். அக்காவுக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. அந்த நாள் கணக்கில் அது தாமதம். மூன்றாவதும் அதே வாசலில் வந்து அதே வாசலோடு திரும்பினால் அப்புறம் யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா பயந்தாள்.

அதனால்தான் அப்பா ஏற்காட்டை யோசித்தார்.

ராசிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம். மாப்பிள்ளையும் அவன் தாயாரும் கோடைக்கு மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்துக் குமாஸ்தா வீட்டில், உறவு முறையில், வந்து தங்கப்போகிறார்கள். நாமும் வெயிலுக்கு ஒதுங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போவோம். ஏரிக்கரையில் தற்செயலாகப் பார்த்துக்கொள்வோம். பிடித்தால் பேசுவோம், இல்லாவிட்டால் மலையில் நடந்தது மலையோடு. சேலத்துத் தெருவுக்கு எதுவும் தெரியாது. இதுதான் திட்டம். எங்கள் குடும்பம் உல்லாசமாக ஓர் ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. அதற்கும் ஒரு காரியம் தேவைப்பட்டது.

மோட்டார் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீழே தெரிந்த சேலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாள். அத்தை முன் இருக்கைக்காரரின் தோளிலிருந்து பின்னால் தொங்கிய துண்டின் நுனியைத் தன்னை அறியாமல் பிடித்திருந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா?"

"ஒண்ணுமில்லீங்க. வளைவுல புடிமானத்துக்கு."

வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு. அறைகளை மரப்பலகையால் தடுத்திருந்தார்கள். தடுப்பு கூரை வரைக்கும் போகவில்லை. முன்கட்டில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் கம்பளித் துணிகள் வெளியே கொடியில் தொங்கின. அத்தை போய் ஒரு கம்பளிச் சட்டையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். உருட்டினாள். மறுபடி உருட்டினாள்.

"ஏனுங், இது ஆட்டு மசுருங்களா?" என்று பங்களாக் காவல்காரரிடம் கேட்டாள்.

"ஆமாங்கம்மா."

"அப்ப இதுல ஒண்ணும் தெரியாது. ஆட்டோட சமாச்சாரந்தான் தெரியும்" என்று விட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் மாலை ஏரிக்கரையில் சந்திப்பு நடந்தது. தற்செயல் என்பதற்காக அப்பா எங்களை ஏரியை ஒருமுறை சுற்ற வைத்தார். மூடுபனி தண்ணீர்மேல் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு தாயும் மகனும் வந்தார்கள். அவன் சாதாரண உயரம், வெள்ளை வேட்டி சட்டை, காலில் புதுச் செருப்பு. தாயார் பருத்த உடம்பு, உரத்த குரல். அப்பா, "அட, நீங்களா! ராசிபுரந்தானுங்களே?" என்று நன்றாகவே நடித்தார்.

அத்தை நேராக அந்த அம்மாளிடம் போனாள். "கரை நல்லாருக்குதுங்களே" என்று முந்தானையைப் பிடித்தாள். உருட்டினாள். அவள் உதடு லேசாக இறுகுவதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்துவிட்டாள். நாளைக்கு மத்தியானம் எங்கள் இடத்துக்குக் காப்பி சாப்பிட வரவேண்டும் என்று அதற்குள் அப்பா அழைத்துவிட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை சொன்னாள்: "வேண்டாந் தம்பி. இந்த எடம் ஆவாது."

"ஏனக்கா? பையன் நல்லாத்தான இருக்கறான்?"

"பையன் இருப்பான். ஊடு சரியில்ல. அந்தம்மா சீலை வதங்கின கீரையாட்டம் தொவண்டு கெடக்குது. கஞ்சியே காட்டல. சவுளிக்கடைக்காரி இப்படிக் கட்டுனா அந்த ஊட்ல ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பாத்துக்குவாங்க?"

"நாம பொண்ணைச் சீலைக்கா கட்டிக் குடுக்கறோம்?"

"பின்ன? ஊட்டுக்குள்ள எட்டிப் பாக்கவா உடறாங்க? வெளிய தெரியறது சீலைதான்."

நாத்தனார் முறைக்கு அம்மா அத்தையை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். அவளை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினாள். "நங்கையா, இது மூணாவது. கீழ போய் நான் தெருவுல எப்படி நடக்கறது?"

"தெருவுல நடக்கறது ரெண்டு நாளைக்கு. அவ அங்க இருக்கப் போறது ஆயுசுக்கு" என்றாள் அத்தை. அதில் நியாயம் இல்லாமலில்லை. அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

காலையில் பனி பங்களாவுக்குள்ளேயே வந்துவிட்டது. முந்தின நாள் அம்மா துவைத்துப் போட்ட துணிகள் போட்டபடியே ஈரமாக இருந்தன. அத்தை குளித்துவிட்டு வந்து, சேலத்தில் தன் கையால் கஞ்சி போட்டு, உச்சி வெயிலில் காயவைத்து, மடித்து எடுத்துவந்த சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். உதறினாள். அது விறைத்து நிற்கவில்லை. தொங்கியது.

அதன் ஓரத்தைப் பிடித்தாள். உருட்டினாள். பிறகு அவள் செய்ததை நான் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் சேலையை எடுத்து உருட்டினாள். அப்பாவின் வேட்டியை. என் சட்டையை. அக்காவின் தாவணியை. தலையணை உறையைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் உருட்டி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எல்லாம் ஒன்றுபோலத் துவண்டிருந்தன. அந்த ஈரக் காற்றில் எங்கள் வீடும் ராசிபுரத்து வீடும் ஒரே வீடு.

பெட்டி மூடிமேல் உட்கார்ந்தாள். எனக்கு அப்போது இரக்கத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. ஒரே ஓர் அளவுகோலை வைத்து வாழ்ந்த மனுஷி, அந்தக் கோல் இந்த ஊரில் செல்லாது என்று தெரிந்தால் என்ன செய்வாள்? அவள் எழுந்து காப்பிக்கொட்டை வறுக்கப் போனாள்.

மத்தியானம் தாயும் மகனும் வந்தார்கள். அத்தை அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். துணியைத் தொடாமல் ஒருவரிடம் பேச்சைத் தொடங்கி அவளுக்குப் பழக்கமில்லை.

"மலை குளுருதுங்களா?" என்றாள்.

"குளுருதுங்க."

"ராசிபுரத்துல வெயில் எப்படிங்க?"

"உங்க சேலத்து வெயில்தானுங்க. நாங்க தனியா எங்கீங்க போய் வாங்கறது?"

அத்தை தொண்டையைச் செருமினாள்.

"உங்க ஊட்ல கஞ்சி யாருங்க போடறது?"

"துணிக்குங்களா, வயித்துக்குங்களா?"

"துணிக்கு."

"நான்தானுங்க போடறேன். ஏனுங்க கேக்கறீங்க?"

அத்தை அதற்குமேல் சுற்றி வளைக்கவில்லை. "நேத்து ஏரிக்கரையில உங்க முந்தானையைப் புடிச்சுப் பாத்தனுங்க. கஞ்சியே இல்லாமக் கெடந்துது. இந்த எடம் வேண்டாம்னு தம்பிகிட்டச் சொல்லிப்போட்டேன். காத்தால என்ற சீலையை எடுத்தேன். அதும் அப்படியேதான் கெடக்குது. மலைக் காத்து பண்ற வேலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

அப்பா இருமினார். அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அந்த அம்மாள் அத்தையையே பார்த்தாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நானும் பாத்தனுங்க!"

"என்னத்தீங்க?"

"உங்க சீலையைத்தான். நீங்க என்ற முந்தானையைப் புடிச்சீங்கல்ல, அப்ப நான் உங்க முந்தானையைப் புடிச்சேன். நீங்க கவனிக்கல. போய் இவன்கிட்டச் சொன்னேன், அத்தைக்காரியே பழந்துணியாட்டம் கட்டியிருக்கறா, பொண்ணை என்ன லட்சணத்துல வளத்திருப்பாங்கன்னு. இன்னிக்குக் காப்பியைக் குடிச்சுப்போட்டு, பதில் அப்புறம் சொல்றோம்னு கெளம்பிரலாம்னுதான் வந்தேன்!"

அத்தை கையை வெளியே எடுத்தாள். தன் முந்தானையை எடுத்து, யாரோ அதில் எழுதிவிட்டுப் போனதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் துணியை ஒருவர் உருட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"இப்ப என்னங்க பண்றது?" என்றாள் அந்த அம்மாள். "கீழ போய் ஒருக்கா நல்லாப் பாத்துக்கலாங்களா? வெயில்ல?"

அப்பாவின் முகம் வாடிவிட்டது. கீழே என்றால் அம்மாபேட்டை, தெரு, பெண் பார்க்க வரும் வண்டி, ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். அதற்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஏறி வந்தது.

அத்தை தடுப்புப் பக்கம் திரும்பி, "கண்ணு, இங்க வா" என்றாள். அக்கா வந்து நின்றாள்.

"நேத்து நீ இவரைப் பாத்தியா?"

அப்பா, "அக்கா, அவளை எதுக்கு..." என்று தொடங்கினார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பாத்தேன் அத்தை."

"என்ன பாத்தே?"

அக்கா தரையைப் பார்த்தபடி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஏரிப் படியில வழுக்கி உழுந்தாரு. புதுச் செருப்பு. வேட்டி ஓரத்துல சேறு. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சுது. கோவிச்சுக்குவாரோன்னு நெனச்சேன். அவராவே சிரிச்சுக்கிட்டாரு."

அந்த அம்மாள் மகனைப் பார்த்தாள். "உழுந்தியாடா?"

"உழுந்தனம்மா."

"எப்படா? நான் பக்கத்துலதான நின்னேன்?"

"நீங்க ரெண்டு பேரும் சீலையைப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

அவன் விழுந்ததை நானும் பார்த்திருந்தேன். அதில் ஒரு சேதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. பிற்பாடு பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் இதைப் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

அக்கா உள்ளே போகவில்லை. "நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள். யாரிடம் என்று சொல்லவில்லை. அவன் நிமிர்ந்தான்.

"உங்க ஊட்டுக்குப் பேப்பர் வருமுங்களா?" எங்கள் வீட்டில் பேப்பரை வரி விடாமல் படிப்பவள் அவள்தான்.

தாயார் அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான். "வராதுங்க." கொஞ்சம் யோசித்தான். "கடைக்கு எதிர்த்த காப்பிக் கடையில வருது. நான் அங்க போய்த்தான் படிக்கறது. ஊட்டுக்கு வரச் சொன்னா வரும்."

"சரிங்க" என்றாள் அக்கா.

அத்தை உள்ளே போய், அம்மா தயாராக எடுத்து வைத்திருந்த வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்தாள். சம்மதம் என்றால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தட்டைக் கொடுப்பது வழக்கம். கொடுப்பவள் அத்தை. அவள் தட்டோடு அந்த அம்மாள் முன்னால் போய் நின்றாள். பிறகு திரும்பி அதை அக்காவின் கையில் வைத்தாள்.

"நீயே குடு."

"பொண்ணே குடுக்கறதுங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும்தான் ஒண்ணும் தெரியலீங்களே" என்றாள் அத்தை.

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் அதற்குப் பிறகு மேலும் சில நாள் மலையில் இருந்தோம். அந்த நாட்களில் அத்தை எதையும் தொடவில்லை. ஏரியையும் மரங்களையும் தோட்டத்துக் கூலிப் பெண்களையும் பார்த்துக்கொண்டு நடந்தாள். திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசி வளைவு தாண்டி வெயில் முகத்தில் அடித்ததும் நான் கேட்டேன்.

"அத்தை, உண்மையைச் சொல்லுங்க. மாப்பிள்ளை எப்படி?"

"எனக்கெப்படிச் சாமி தெரியும்?" என்றாள். "உங்கக்காளைக் கேளு."